1923இன் ‘நேஷனல் சாம்பியன்’: ஒரு பட்டம், இரண்டு மைதானங்கள்

பழைய தடகள முடிவுகளைத் தேடிப் பார்க்கிறவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ‘பிரிட்டன், தேசிய சாம்பியன்ஷிப், 1923’ என்று தேடினால் ஒரு பட்டியல் வரும். மேலே ஆண்கள், கீழே பெண்கள். ஆண்கள் நூறு கெஜம்: எரிக் லிடல், 9.7 விநாடி. பெண்கள் நூறு கெஜம்: மேரி லைன்ஸ், 12 விநாடி. பார்த்ததும் மனசு தானாக ஒரு காட்சியை வரைந்துகொள்கிறது. ஒரே மைதானம், ஒரே கூட்டம். லிடல் ஓடி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்க, அதே கோட்டில் மேரி லைன்ஸ் வந்து நிற்கிறார்.

அப்படி ஒன்று நடக்கவே இல்லை. லிடல் ஓடியது ஜூலை மாதம், லண்டன் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜில். செல்சி கால்பந்து அணியின் மைதானம் என்றால் பலருக்குச் சட்டென்று புரியும். மேரி லைன்ஸ் ஓடியது ஆகஸ்ட் 18ஆம் தேதி, லண்டனின் தென்கிழக்கு ஓரத்தில் டவுன்ஹாம் என்ற இடத்தில், ஆக்ஸோ என்ற சூப்புக் கட்டி விற்கும் கம்பெனியின் விளையாட்டுத் திடலில். நடத்திய சங்கங்களும் வேறு வேறு.

குழப்பம் இதோடு தீரவில்லை. அந்த வருஷம் ஆண்கள் 440 கெஜத்தில் பிரிட்டனின் சாம்பியன் ஆனவர் ஓர் அமெரிக்கர். 880 கெஜத்தில் சாம்பியன் ஆனவருக்கு அடுத்த வருஷ ஒலிம்பிக்கில் இடம் மறுக்கப்பட்டது. லிடலோ அதே வருஷம் ஸ்காட்லாந்துக்கும் சாம்பியன். ‘நேஷனல் சாம்பியன்’ என்ற சொல்லை இன்றைய அர்த்தத்தில் வைத்துக்கொண்டு படித்தால் இதில் எதுவுமே பிடிபடாது.

## பொங்கல் பந்தயத்தில் வரும் மூன்று சண்டைகள்

காணும் பொங்கலன்று ஊர் இளைஞர் மன்றம் ஓட்டப்பந்தயம் நடத்துகிறது. முதல் பரிசு எவர்சில்வர் குடம். அப்புறம் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். மூன்று சண்டைகள் வரும்.

ஒன்று, பக்கத்து ஊர்ப் பையன் வந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு போவான். “உள்ளூர்க்காரங்க மட்டும்னு நோட்டீஸ்ல போட்டிருக்கா?” என்று அவன் கேட்பான். போட்டிருக்க மாட்டார்கள். இரண்டு, சின்னப் பையன்களைப் பத்தடி முன்னால் நிறுத்தியிருப்பார்கள். அதில் ஒருவன் ஜெயித்துவிட்டால், “சலுகையில ஜெயிச்சதெல்லாம் ஜெயிப்பா?” என்று ஒருவர் கிளம்புவார். மூன்று, ஓடினவர்களில் ஒருவன் ஊர் ஊராகப் போய்ப் பந்தயப் பணம் சம்பாதிக்கிறவன் என்று யாராவது கண்டுபிடித்துச் சொல்வார்கள்.

யார் ஓடலாம், எந்தக் கோட்டிலிருந்து ஓடலாம், காசுக்கு ஓடினவன் இதில் நிற்கலாமா. இந்த மூன்றையும் முன்கூட்டியே எழுதிவைத்து, எழுதியதற்குப் பொறுப்பேற்கிற ஒரு சங்கமும் இருந்தால் அதுதான் சாம்பியன்ஷிப். ஓட்டம் ஓட்டம்தான்; மேலே விழுகிற முத்திரைதான் அதைத் தேசிய சாம்பியன்ஷிப் ஆக்குகிறது. 1923இன் விசித்திரங்கள் எல்லாமே, இந்தக் கேள்விகளில் சிலவற்றுக்கு அன்றைக்கு எழுதியிருந்த பதில்கள் இன்றைய பதில்களிலிருந்து வேறுபட்டவை என்பதால் வந்தவை.

## எந்தக் கோட்டிலிருந்து?

சின்னப் பையனைப் பத்தடி முன்னால் நிறுத்துகிற வழக்கத்துக்கு ஆங்கிலேயர் வைத்திருந்த பெயர் ஹேண்டிகேப். பலம் குறைந்தவருக்கு முன்னிடம், பலசாலிக்குப் பின்னிடம். எல்லாரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடிவுக் கோட்டை நெருங்க வேண்டும் என்பது கணக்கு. பார்க்க விறுவிறுப்பாக இருக்கும், பந்தயம் கட்டவும் வசதி. அன்றைய பிரிட்டனில் சனிக்கிழமைதோறும் நடந்த கிளப் போட்டிகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். கடைசியில் நிற்கும் பலசாலியின் இடத்துக்கு ‘ஸ்க்ராட்ச்’ என்று பெயர். தரையில் கீறிய கோடு, அவ்வளவுதான் அர்த்தம்.

சாம்பியன்ஷிப்பில் எல்லாருக்கும் ஸ்க்ராட்ச் கோடுதான். சலுகை கிடையாது. ஆள் அதிகமாக இருந்தால் சிறு சிறு குழுக்களாக முதலில் ஓடவிட்டு, ஒவ்வொன்றிலும் முன்னால் வந்தவர்களை அடுத்த சுற்றுக்கு எடுப்பார்கள். இந்த முதற்சுற்றுகளை ஹீட்ஸ் என்பார்கள். இந்த விஷயத்தில் நூறு வருஷத்தில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை.

## காசுக்கு ஓடினவன் நிற்கலாமா?

மாற்றம் வந்தது இங்கேதான்.

‘அமெச்சூர்’ என்ற சொல்லை நாம் இன்று ‘அரைகுறை’ என்ற பொருளில் எடுத்துக்கொள்கிறோம். அன்றைக்கு அதற்குப் பொருள், பணத்துக்காக ஓடாதவர். பிரிட்டனில் முதல் தேசிய அளவிலான ஆண்கள் சாம்பியன்ஷிப் 1866இல் நடந்தது. நடத்திய அமெச்சூர் அத்லெடிக் கிளப் கனவான்களின் கிளப். கைத்தொழில் செய்பவர், கூலிவேலை செய்பவர் எவரும் அமெச்சூர் ஆக முடியாது என்று அதன் விதி சொன்னது. பணம் வாங்கினாரா என்பதோடு நிற்கவில்லை. கையால் உழைப்பவரா என்றும் பார்த்தார்கள். நம் ஊரில் இப்படிப்பட்ட விதிகளுக்கு வேறு பெயர் உண்டு.

1880இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஓர் ஓட்டலில் கூடிய கூட்டத்தில் அமெச்சூர் அத்லெடிக் அசோசியேஷன் உருவானது. இந்தக் கட்டுரையில் இதை ஆண்கள் சங்கம் என்றே சொல்லிக்கொள்வோம். அவர்கள் அந்தக் கைத்தொழில் விதியைத் தூக்கினார்கள். பதிலுக்கு, பரிசுப் பணம் வாங்கியவர் அமெச்சூர் அல்ல என்பதை இறுக்கிப் பிடித்தார்கள். அதனால் தொழிற்சாலைத் தொழிலாளியும் பல்கலைக்கழக மாணவரும் ஒரே கோட்டில் நிற்க முடிந்தது. ஆனால் ஒரு முறை காசு வாங்கிவிட்டால் கதவு சாத்தப்பட்டுவிடும்.

காசுக்கு ஓடுகிற உலகம் தனியாக, அமோகமாக நடந்துகொண்டுதான் இருந்தது. எடின்பரோவில் பவுடர்ஹால் மைதானத்தில் வருஷா வருஷம் புத்தாண்டையொட்டி நடந்த ஹேண்டிகேப் ஓட்டம் அதில் பிரபலம். பந்தயம் கட்டுவோர், பணம் பிடிப்போர் எல்லாம் அங்கே உண்டு. அங்கே ஓடியவர்களில் சாம்பியன்களைவிட வேகமானவர்கள் இருந்திருக்கலாம். ஆனால் அவர்கள் பெயர் சாம்பியன்ஷிப் பட்டியலில் வராது. ஆக, அந்தப் பட்டியலில் ‘நாட்டிலேயே வேகமானவர்’ என்பதன் பொருள், நாட்டிலேயே வேகமான அமெச்சூர்.

இதற்குக் கொடுக்கப்பட்ட விலையைப் பார்க்க, 1923இன் 880 கெஜ சாம்பியனைப் பாருங்கள். செசில் கிரிஃபித்ஸ், வேல்ஸில் நீத் ஊர்க்காரர். 1920 ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் நாலு பேர் ஓடும் 4×400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் தங்கம் வாங்கிய அணியில் இருந்தவர். முதல் உலகப் போர்க் காலத்தில், சின்ன வயதில், ஓடிச் சிறு தொகையைப் பரிசாக வாங்கியிருந்தார். அது பின்னால் பிரச்சினையாகக் கிளம்பியது. நாட்டுக்குள் சாம்பியனாக இருந்தவரால் 1924 பாரிஸ் ஒலிம்பிக்குப் போக முடியவில்லை. இன்றைக்கு அரசாங்கமே பதக்கத்துக்குக் கோடி கொடுக்கிற காலத்தில் இருந்துகொண்டு இதைப் படித்தால் வயிறு எரிகிறது.

## பக்கத்து ஊர்ப் பையன் ஓடலாமா?

ஓடலாம். இதுதான் பலருக்கும் நம்ப முடியாத பதில்.

நமக்குப் பழக்கமான ஏணி ஒன்று இருக்கிறது: பள்ளி, மாவட்டம், ‘ஸ்டேட் லெவல்’, அதற்குப் பிறகு ‘நேஷனல்ஸ்’. ஒவ்வொரு படியிலும் கீழ்ப்படி உங்களைத் தேர்ந்து அனுப்ப வேண்டும். பிரிட்டனின் ஆண்கள் சாம்பியன்ஷிப் அப்படி ஏறி வருகிற இடமாக இருக்கவில்லை. அமெச்சூராக இருந்தால் பெயர் கொடுத்து நிற்கலாம், வெளிநாட்டுக்காரரானாலும் சரி. ‘தேசிய’ என்ற சொல் ஓடியவரின் பாஸ்போர்ட்டைச் சொல்லவில்லை, முத்திரை குத்திய சங்கம் எந்த நாட்டுடையது என்பதைத்தான் சொன்னது.

அதனால்தான் 1923இல் 440 கெஜத்தை வென்றவர் பில் ஸ்டீவன்சன். ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த அமெரிக்கர். இரண்டு வருஷம் முன்பு அமெரிக்காவிலும் இதே தூரத்தில் சாம்பியன். இந்த வழியில் நம் பக்கத்து ஆள் ஒருவரும் உள்ளே வந்திருக்கிறார். கல்கத்தாவில் பிறந்த நார்மன் பிரிச்சர்டு 1900இல் லண்டனில் இந்த சாம்பியன்ஷிப்பின் 120 கெஜத் தடை ஓட்டத்தில் கலந்துகொண்டார். முதலில் வந்தவர் அமெரிக்கர் ஆல்வின் கிரேன்ஸ்லைன், இரண்டாவது பிரிச்சர்டு. அதாவது பிரிட்டனின் தேசியப் போட்டியில் முதல் இரண்டு இடமும் வெளியாட்களுக்கு! அதே மாதம் பிரிச்சர்டு பாரிஸ் போய் ஒலிம்பிக்கில் இரண்டு வெள்ளி வாங்கினார். அவரை இந்தியக் கணக்கில் சேர்ப்பதா பிரிட்டன் கணக்கில் சேர்ப்பதா என்ற சர்ச்சைக்கு இந்த லண்டன் ஓட்டமும் ஒரு காரணம். லண்டனில் ஓடியதாலேயே பிரிட்டன்காரர் என்பவர்கள், அந்தப் போட்டி எல்லாருக்கும் திறந்திருந்தது என்பதைக் கவனிப்பதில்லை.

லிடல் விஷயம் இதன் மறுபக்கம். அவர் ஸ்காட்லாந்துக்காரர். ஸ்காட்லாந்துக்குத் தனிச் சங்கம், தனி சாம்பியன்ஷிப். அங்கே 1921 முதல் 1925 வரை ஐந்து வருஷமும் நூறு கெஜமும் 220 கெஜமும் அவருக்கே. லண்டன் போட்டியை நடத்தியது சட்டப்படி இங்கிலாந்தின் சங்கம்தான் என்றாலும், பிரிட்டன் முழுவதற்குமான பட்டமாகவே அதை மதித்தார்கள். 1923இல் அங்கேயும் நூறு, 220 இரண்டையும் வென்றார். ஒரே ஆளுக்கு ஒரே கோடையில் இரண்டு தேசங்களின் பட்டம்.

கொஞ்சம் நின்று மூச்சு விட்டுக்கொள்வோம். 1923இன் ஆண்கள் பட்டம் என்பது: சலுகை இல்லாத கோடு, காசு வாங்காத ஆள், எந்த நாட்டுக்காரரானாலும் சரி. இவ்வளவுதான் இதுவரை பார்த்தது.

## அது என்ன 9.7?

நூறு கெஜம் 9.7 விநாடியில் என்றதும் உசேன் போல்ட்டின் 9.58 ஞாபகம் வந்து சிலர் மிரண்டுவிடுகிறார்கள். கெஜம் வேறு, மீட்டர் வேறு. நூறு கெஜம் என்பது 91.44 மீட்டர். மிச்சமுள்ள எட்டரை மீட்டரை ஓட இன்னும் ஏறக்குறைய 0.9 விநாடி ஆகும். அப்படிப் பார்த்தால் லிடலின் ஓட்டம் நூறு மீட்டரில் 10.6 பக்கம் வரும். 1924 ஒலிம்பிக்கில் ஹரால்டு ஆப்ரகாம்ஸ் தங்கம் வாங்கிய நேரமும் 10.6தான், கணக்கு இடிக்கவில்லை. 440 கெஜம் 402 மீட்டர் சொச்சம், 880 கெஜம் 805 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

அந்த நேரம் எடுக்கப்பட்ட விதத்தையும் பாருங்கள். முடிவுக் கோட்டில் நிற்கிற ஆள் தூரத்தில் துப்பாக்கிப் புகையைப் பார்த்ததும் கடிகாரத்தை அமுக்குகிறார். கண் பார்த்து விரல் அமுக்குவதற்குள் துளி நேரம் போய்விடும். ஓடி வருகிறவரையோ தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருப்பதால் நிறுத்தும்போது அந்தத் தாமதம் இருக்காது. இதனால் கையால் எடுத்த நேரம் மின் கருவியின் நேரத்தைவிட விநாடியில் கால் பங்கு அளவுக்குக் குறைவாகக் காட்டும். எங்கள் பள்ளி பி.டி. வாத்தியார் கையில் பிடித்த ஸ்டாப்வாட்ச்சில் நாங்கள் எல்லாருமே ஒலிம்பிக் பக்கம் போனது இந்த வழியில்தான்.

ஓடுதளம் கரித்துகள். கால் வைத்து உந்துவதற்கு இன்று இருக்கும் பிளாக்குகள் அன்றைக்கு இல்லை. ஓடுகிறவர் ஒரு சிறு கொத்துக்கரண்டியைக் கொண்டுவந்து, குனிந்து, தன் இரண்டு காலுக்கும் ஏற்ற இரண்டு குழிகளைத் தானே தோண்டிக்கொள்வார். இந்த நிலைமையில் ஓடிய லிடலின் 9.7 பிரிட்டனில் 1958 வரை, 35 வருஷம், அசையவில்லை.

## பெண்களுக்கு முத்திரையே இல்லை

ஆண்களின் கதையில் சங்கம் முதலில் வந்தது, விதிகள் அடுத்து, 1896இல் ஒலிம்பிக் கடைசியில். பெண்களின் கதை தலைகீழ். அவர்கள் முதலில் வெளிநாட்டில் ஓடினார்கள், அப்புறம்தான் சொந்த நாட்டில் சங்கம், அதற்கும் பிறகுதான் தேசியப் பட்டம்.

ஒலிம்பிக் தடகளத்தில் பெண்களுக்கு இடமில்லை என்று இருந்த காலத்தில், பிரான்சின் அலீஸ் மில்லியா என்ற பெண்மணி நமக்கு நாமே நடத்திக்கொள்வோம் என்று கிளம்பினார். 1921 மார்ச்சில் மான்டி கார்லோவில் ஐந்து நாட்டுப் பெண்கள் கூடினார்கள். போட்டி நடந்த இடம் சூதாட்ட மாளிகையின் தோட்டத்தில் இருந்த, புறா சுடும் திடல். பிரிட்டனிலிருந்து போன அணியில் லண்டன் ரீஜன்ட் தெரு பாலிடெக்னிக்கைச் சேர்ந்தவர்கள் இருந்தார்கள்; மேரி லைன்ஸும் இருந்தார். 60 மீட்டர், 250 மீட்டர், நீளம் தாண்டுதல் மூன்றிலும் அவர்தான் முதல்.

அதே வருஷம் அக்டோபரில் மில்லியாவின் முயற்சியில் பெண்கள் விளையாட்டுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு அமைந்தது. 1922 ஆகஸ்ட் 20ஆம் தேதி பாரிஸ் பெர்ஷிங் ஸ்டேடியத்தில் அது நடத்திய பெண்கள் போட்டியைச் சுமார் 20,000 பேர் பார்த்தார்கள். பன்னிரண்டுகூட இல்லை, பதினோரு போட்டிகள், ஒரே நாளில் முடிந்துவிட்டன. ‘பெண்கள் ஒலிம்பிக்’ என்று பெயர் வைத்ததற்கு ஒலிம்பிக் கமிட்டி முறைத்துக்கொண்டது. அடுத்த போட்டியிலிருந்து பெயரை மாற்ற வேண்டியதாயிற்று. அங்கே குண்டு எறிதலில் ஒரு விதி எனக்குப் பிடித்தமானது. வலது கையால் ஒரு முறை, இடது கையால் ஒரு முறை எறிந்து, இரண்டு தூரத்தையும் கூட்டித்தான் வெற்றியைத் தீர்மானித்தார்கள். ஈட்டிக்கும் அப்படியே. பழைய பட்டியலில் பெண்களின் எறிதூரம் நம்ப முடியாத அளவுக்கு இருந்தால், அது இரண்டு கையின் கூட்டுத்தொகையா என்று முதலில் பார்ப்பது நல்லது.

வெளிநாட்டில் ஜெயித்துவிட்டு வந்த பிரிட்டன் பெண்களுக்குச் சொந்த ஊரில் முகவரி இல்லை. ஆண்கள் சங்கத்தை அணுகினார்கள். சேர்த்துக்கொள்ள முடியாது, தனியாக வைத்துக்கொள்ளுங்கள் என்ற பதில்தான் வந்தது. சரி என்று 1922இல் பெண்கள் அமெச்சூர் அத்லெடிக் அசோசியேஷனைத் தொடங்கினார்கள். அந்த வருஷம் பெயருக்கு ஓரிரு ஓட்டங்கள். முழு அளவில் சாம்பியன்ஷிப் நடந்தது 1923 ஆகஸ்டில், அந்த ஆக்ஸோ திடலில்.

மேரி லைன்ஸ் அன்று நாலு பட்டம் வாங்கினார்: நூறு கெஜம், 440 கெஜம், 120 கெஜத் தடை ஓட்டம், நீளம் தாண்டுதல். இன்றைக்கு நூறு மீட்டர் ஓடுகிறவர் நானூறு பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார். ஈட்டியில் வென்ற சோஃபி எலியட்-லின் பின்னாளில் லேடி ஹீத் என்ற பெயரில் பிரபல விமானி ஆனார். ஆனால் அந்தப் பட்டியலில் நான் விரலை வைத்து நிறுத்துகிற வரி 880 கெஜம்: எடித் டிரிக்கி.

காரணம் இது. ஐந்து வருஷம் கழித்து, 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் முதல்முறையாகப் பெண்களைத் தடகளத்தில் சேர்த்தார்கள். கொடுத்தது ஐந்தே போட்டிகள். இது போதாது என்று பிரிட்டன் பெண்கள் சங்கம் அணியே அனுப்பவில்லை. அந்த ஐந்தில் ஒன்று 800 மீட்டர். ஜெர்மனியின் லினா ராட்கே 2 நிமிஷம் 16.8 விநாடியில் உலக சாதனையோடு வென்றார். ஜப்பானின் ஹிதோமி கினுயே இரண்டாவது. இறுதி ஓட்டத்தில் ஓடிய ஒன்பது பேரும் ஓடி முடித்தார்கள். ஆனால் பத்திரிகைகளில், பெண்கள் கொத்துக் கொத்தாக மயங்கி விழுந்ததாகச் செய்தி வந்தது. ஓடி முடித்ததும் புல்லில் சாய்ந்து மூச்சு வாங்குவதை ஆண்கள் செய்தால் வீரம், பெண்கள் செய்தால் மயக்கம்! அந்தத் தூரத்தை ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள், 1960 ரோமில்தான் மறுபடி வைத்தார்கள். பெண்ணால் முடியாது என்று 32 வருஷம் ஒதுக்கிய தூரத்தை விட நாலு மீட்டர் கூடுதலாக, 1923லேயே ஒரு சூப்புக் கட்டி கம்பெனியின் திடலில் ஓடி முடித்து வீட்டுக்குப் போய்விட்டார் எடித் டிரிக்கி.

## அமெரிக்காவிலும் அதே வருஷம்

இது பிரிட்டன்காரர்களின் தனிக் கோணல் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஆண்கள் தேசிய சாம்பியன்ஷிப் 1876இலிருந்து நடந்து வந்தது. பெண்களுக்கான முதலாவது, அதே 1923இல், செப்டம்பர் 29ஆம் தேதி நியூ ஜெர்ஸி மாநிலம் நியூவார்க்கில் உள்ள வீக்வாயிக் பூங்காவில். ஆண்களுடையது சிகாகோவில். அங்கே வித்தியாசம், இரண்டையும் நடத்தியது ஒரே சங்கம். பேஸ்பால் பந்தை எறிவதும் பெண்களுக்கு ஒரு போட்டி.

சங்கம் ஒன்றோ இரண்டோ, இணையப் பட்டியல் மட்டும் எல்லாவற்றையும் ‘1923’ என்ற ஒரே தலைப்புக்குள் போட்டுவிடுகிறது. பின்னால் வந்தவர்கள் வசதிக்காகச் செய்த வேலை அது.

முதல் பத்தியில் நாம் கற்பனை செய்த காட்சி, அதாவது ஆண்களும் பெண்களும் ஒரே மைதானத்தில், ஒரே போட்டியாக, பிரிட்டனின் இந்தப் பட்டத்துக்கு நின்றது 1988இல், பர்மிங்ஹாம் அலெக்சாண்டர் ஸ்டேடியத்தில். அதற்குள் கெஜம் போய் மீட்டர் வந்திருந்தது, கரித்துகள் போய் ரப்பர் தளம் வந்திருந்தது, பிளாக் வந்ததால் குழி தோண்டுகிற வேலையும் இல்லை.